பின்வாங்கும் கிடாயும் தாங்கி நிற்கும் நிலமும்

திருக்குறளில் காத்திருத்தலைப் பற்றிய சிந்தனை ஒரே இடத்தில் வைக்கப்படவில்லை. பிறர் செய்த தீங்கைப் பொறுத்துக்கொள்வதைப் பேசும் பொறையுடைமை, அறத்துப்பாலின் இல்லறவியலில் 16-ஆம் அதிகாரமாக நிற்க, தக்க பொழுது வரும்வரை ஒடுங்கியிருப்பதைப் பேசும் காலமறிதல், பொருட்பாலின் அரசியலில் 49-ஆம் அதிகாரமாக நிற்கிறது. முன்னதற்கு வள்ளுவர் காட்டும் உவமை, தன்னைத் தோண்டுவோரையே தாங்கி நிற்கும் நிலம். பின்னதற்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று, மோதுவதற்காகக் காலைப் பின்வாங்கும் ஆட்டுக்கிடாய். வெளியிலிருந்து காண்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்; இரண்டிலும் அடி விழுகிறது, இரண்டிலும் உடனே மறு அடி எழுவதில்லை. ஆனால் நிலம் என்றைக்கும் மோதப்போவதில்லை, கிடாயோ மோதுவதற்கென்றே பின்வாங்குகிறது. அப்படியானால், காலம் பார்த்துத் திருப்பி அடிப்பவனிடம் காணப்படும் பொறுமை அறமா, அல்லது சினத்துக்குச் சொல்லப்பட்ட தவணை மட்டுமா என்ற கேள்வி எழுகிறது. நூலின் பகுப்பே இக்கேள்வியை எழுப்பிவிட்டு, விடையைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறது.

இக்கேள்வியை ஆராய்வதற்குச் சதுரங்கத்தைப் போலத் தெளிவான களம் வேறில்லை. வாழ்க்கையில் ஒருவர் பொறுத்திருக்கும்போது அது அச்சமா, இயலாமையா, அறமா, சூழ்ச்சியா என்பதைப் பிறர் அறிவது கடினம். சதுரங்கப் பலகையிலோ இரு தரப்புக்கும் பதினாறு பதினாறு காய்கள் சமமாக இருக்கின்றன, தாயக்கட்டையைப் போல அதிர்ஷ்டம் குறுக்கிடுவதில்லை, மறைத்து வைக்க எதுவும் இல்லை. குறள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 48, 49, 50-ஆம் அதிகாரங்களாக அடுக்கும் மூன்றும், காய்களின் வலிமை, நகர்வுகளின் காலம், பலகையில் பிடித்திருக்கும் இடம் என்று சதுரங்க ஆசிரியர்கள் ஒரு நிலையை எடைபோடும் மூன்று அளவைகளோடு அப்படியே பொருந்துவது, போரை நுணுகி எண்ணியவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்பதற்குச் சான்றாகும்.

சதுரங்கத்தில் முதல் நகர்வு வெள்ளைக்காய்களுக்கு உரியது. அந்த ஒரு நகர்வின் முன்னிலையைக் கறுப்பு எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை வகைப்படுத்திய தொடக்க முறைகளுக்குத்தான் ‘தற்காப்பு’ என்ற பெயர் வழங்குகிறது. 1886-இல் முதல் உலகச் சாம்பியனான வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ், அதுவரை வீரத்தின் அடையாளமாகக் கொண்டாடப்பட்ட தாக்குதலை ஒரு நியாய விசாரணைக்கு உட்படுத்தினார். சமநிலையில் இருக்கும் ஒரு ஆட்டத்தில், எவ்வித மேல்நிலையும் பெறாமல் தொடுக்கப்படும் தாக்குதல், சரியான தற்காப்பின் முன் தோற்கவே வேண்டும் என்பது அவர் கொள்கை. மேல்நிலை பெற்றுவிட்டவர் தாக்கியே ஆக வேண்டும், இல்லையேல் அது கரைந்துபோகும் என்பது அதன் மறுபாதி. அவரை 1894-இல் வென்று 1921 வரை, அதாவது 27 ஆண்டுகள், பட்டத்தைத் தன்னிடம் வைத்திருந்த எமானுவேல் லாஸ்கர் கணித அறிஞர், மெய்யியல் நூல்களும் எழுதியவர். ஸ்டைனிட்ஸின் கொள்கையை அவர் ஆட்ட நுணுக்கமாக மட்டும் பார்க்கவில்லை, வாழ்வின் எல்லாப் போராட்டங்களுக்கும் பொருந்தும் நெறியாகவே விரித்துரைத்தார். தாக்குவதற்கு ஒரு தகுதி வேண்டும், அந்தத் தகுதி இல்லாதவரின் கை தானே ஓய்ந்து விழும் என்னும் இந்த எண்ணம், வினையும் பயனும் பிரிக்க முடியாதவை என்று கேட்டு வளர்ந்த தமிழ்ச் செவிக்குப் புதிதாகத் தோன்றாது.

தற்காப்பைப் பற்றிய இவ்வரலாற்றில் இந்தியாவின் பெயர் நேராகவே பொறிக்கப்பட்டுள்ளது. வெள்ளை தன் அரசிக்கு முன்னுள்ள காலாளை இரு கட்டம் முன்னேற்றும்போது, கறுப்பு அதே போன்றதொரு காலாளால் நேருக்கு நேர் தடுக்காமல் குதிரையை வெளியே எடுத்து விடையளிக்கும் தொடக்கங்கள் அனைத்தும் ‘இந்தியத் தற்காப்புகள்’ எனப்படுகின்றன. கல்கத்தாவில் பணியாற்றிய ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜான் காக்ரேனுக்கும் வங்காளத்து மகேசசந்திர பானர்ஜிக்கும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் நடந்த ஆட்டங்களே இப்பெயருக்குக் காரணம். இந்திய முறைச் சதுரங்கத்தில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும்; அம்முறையில் பழகிய கைகள், ஓடிப்போய் நடுப்பலகையைப் பிடிப்பதைவிட, சிறு அடிகளாக வைத்து, அமைச்சரைப் பக்கவாட்டில் நிறுத்தி, நெடிய மூலைவிட்டத்தின் வழியே தொலைவிலிருந்து நடுவைக் கண்காணிப்பதை இயல்பாகக் கொண்டிருந்தன.

1855-ஆம் ஆண்டு மே மாதத்து ஆட்டம் ஒன்றில், நடுப்பலகையில் வெள்ளையின் காலாட்கள் அணிவகுக்க மகேசசந்திரர் இடம் கொடுத்தார். தம் அமைச்சரை அரசனுக்கு அருகே பக்கவாட்டில் நிறுத்திக்கொண்டு, காய்களை மாற்றிக்கொண்டு, அந்த அணி உறுதிப்பட்ட பிறகே அதன் அடிவாரத்தைக் குடைந்தார். எதிரி கட்டி எழுப்பும் கோட்டையே பிறகு எதிரி காக்க வேண்டிய சுமையாக மாறும் என்பதே இதன் உள்ளுறை. இதே காய்வரிசையை 1922-இல் வியன்னாவின் எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் உலக அரங்கில் நிலைநிறுத்தியதால் அது இன்று அவர் பெயரால் வழங்குகிறது. நடுப்பலகையைக் கைப்பற்றாமலே கட்டுப்படுத்தலாம் என்பதை 1925-இல் தம் புகழ்பெற்ற நூலில் ஆரோன் நிம்சோவிச் கோட்பாடாக வகுத்தார். எதிரியின் திட்டம் உருப்பெறும் முன்பே அதன் வேரைத் தடுக்கும் நகர்வுக்கு அவர் தந்த விளக்கத்தைத் தமிழில் ‘முற்காப்பு’ எனலாம். ஐரோப்பா அன்று புரட்சி என்று கண்டதைக் கல்கத்தாவில் ஒருவர் 70 ஆண்டுகளுக்கு முன் வழக்கமாக ஆடிக்கொண்டிருந்தார் என்பது நினைவில் நிறுத்தத் தக்கது.

பொறுத்திருந்து எழுவது என்பதன் இயற்கையை அறிய, விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தைச் சூழ்ந்த நிலப்பகுதியைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அரசு சிமெண்ட் ஆலையால் அறியப்படும் இவ்வூரைச் சுற்றிலும், சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வரை, கரிசல் காடும் பட்டாசுத் தொழிலும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்கள் கிடைத்தன. அவை சதுரங்கக் காய்கள் என்று சொல்ல இடமில்லை, ஆயினும் காய்களை வைத்து எண்ணிப் பார்த்து நகர்த்தும் பழக்கம் இம்மண்ணுக்குப் பழையது என்பதற்கு அவை போதும். கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மழை பெய்ததும் அந்த வெடிப்புகள் நீரை உள்வாங்கி மூடிக்கொள்ள, மழை நின்ற பிறகும் அந்த ஈரத்தை வைத்தே மானாவாரிப் பருத்தி தழைக்கும். மண் வெடிப்பதற்கும் வாணம் வெடிப்பதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. ஆனால் முன்னது வாங்கிக்கொள்ளும் வெடிப்பு, பின்னது வெளியே கொட்டும் வெடிப்பு.

வானில் சென்று பூக்கும் வாணத்தின் உள்ளமைப்பைப் பார்த்தால் கிடாயின் இயல்பு துலங்கும். குழாயின் அடியில் வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கருமருந்து இருக்கிறது. அதில் பற்றும் நெருப்பு குண்டை மேலே தள்ளும் அதே நொடியில், குண்டோடு இணைந்த வேறொரு திரியையும் பற்றவைக்கிறது. அந்த இரண்டாவது திரி மெல்ல எரிய வேண்டும். குண்டு உயரே ஏறும் நேரம் முழுவதும் நெருப்பைத் தன்னுள் அடக்கி வைத்திருந்து, உச்சியைத் தொடும் தருணத்தில்தான் அதை உள்மருந்துக்கு ஒப்படைக்க வேண்டும். திரி சற்றே குட்டையானால் தலைக்குச் சற்று மேலேயே வெடிக்கும், சற்றே நீண்டால் கீழே விழும்போது வெடிக்கும். காலமறிதல் என்பதை விரல் நீளத்தில் செய்து காட்டும் தொழில் இது. எனினும் திரியின் காத்திருப்பை யாரும் அறம் என்று சொல்வதில்லை, ஏனெனில் திரிக்கு வேறு வழியில்லை. எரிந்து முடிந்ததும் வெடித்தே தீர வேண்டும். காத்திருப்பு அறமாவதற்குக் காத்திருப்பவர் வெடிக்காமலும் இருக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. சதுரங்கத் தற்காப்பைப் பற்றிய கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இம்முடிச்சை அவிழ்க்க உதவும் ஆட்டம் ஒன்று உண்டு. மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விசுவநாதன் ஆனந்த், 2010-இல் பல்கேரியத் தலைநகர் சோபியாவில், அந்நாட்டவரான வெசலின் டோபலோவை எதிர்த்து உலகப் பட்டத்தைக் காக்க வேண்டியிருந்தது. ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் ஐரோப்பிய வானூர்திகள் நின்றுபோக, பிராங்பர்ட்டிலிருந்து ஏறத்தாழ 40 மணி நேரம் சாலை வழியே பயணம் செய்து அவர் சோபியாவை அடைந்தார். முதல் ஆட்டத்தில் அவர் கறுப்புக்காய்களுடன் தேர்ந்தது குருன்ஃபெல்ட் தற்காப்பு, அதாவது மகேசசந்திரரின் பழைய காய்வரிசை. அதில் 30 நகர்வுகளில் தோற்றார். இரண்டாவதிலும் நான்காவதிலும் வென்று முந்தினார், எட்டாவதில் மீண்டும் தோற்றார். பதினோரு ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் ஐந்தரைப் புள்ளிகளில் நின்றனர். மே 11 அன்று நடந்த பன்னிரண்டாவது, கடைசி ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்பு.

அன்று அவர் எடுத்தது லாஸ்கர் பெயரால் வழங்கும் தற்காப்பு. இடநெருக்கடியில் இருக்கும் கறுப்பு, ஒரு குதிரையை நடுப்பலகையில் கொண்டு நிறுத்திக் காய்களை மாற்றிக்கொண்டு, நெருக்கடியைத் தளர்த்திக்கொள்ளும் முறை அது. பகட்டற்றது, வெற்றிக்கு ஆசை காட்டாதது, தோல்விக்கும் எளிதில் இடம் தராதது. இவ்வாட்டத்தின் நடுப்பகுதியில் கறுப்பு அமைச்சரின் நடமாட்டத்தைக் கவனிக்க வேண்டும்: பக்கவாட்டுக்கு வந்தது, ஓரத்துக்குச் சென்றது, எதிரியின் எல்லைக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தது, திரும்ப ஓரத்துக்கு வந்தது, மீண்டும் பக்கவாட்டுக்கு, பிறகு வெள்ளைக் குதிரை விரட்டவே பலகையின் கடைக்கோடி மூலைக்கே ஒதுங்கியது. மூலையில் ஒடுங்கிய அமைச்சரைக் கண்டால் புதிதாக ஆடக் கற்றவர் இரக்கப்படுவார். ஆனால் அது நின்ற மூலையிலிருந்து கிளம்பும் நெடிய மூலைவிட்டம் நேராக வெள்ளை அரசனின் மீது போய் முடிந்தது; இடையே வெள்ளையின் காலாட்கள் மட்டுமே அரண்.

டோபலோவுக்கும் சமன் கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. சமனானால் அடுத்து விரைவாட்டம், விரைவாட்டத்தில் ஆனந்தின் கை ஓங்கியது என்பதை உலகம் அறியும். ஆகவே அவர் எப்படியும் வென்றுவிட வேண்டும் என்று முன்னேறினார். 31-ஆம் நகர்வில் அவருடைய காலாள் ஒரு கறுப்புக் காலாளை வெட்டியதும், ஆனந்த் இன்னொரு காலாளை நடுவே தள்ளி அதையும் வெட்டக் கொடுத்தார். டோபலோவ் வெட்டினார். அந்த ஒரு வெட்டில் மூலைவிட்டம் திறந்தது. கறுப்பு அரசி நடுப்பலகைக்குப் பாய்ந்து அரசனுக்குச் ‘செக்’ வைக்க, அவளுக்குப் பின்னால் மூலையில் அமைச்சர் அசையாமல் நின்றது. அரண் இழந்த வெள்ளை அரசன் பலகையின் ஓரத்தில் துரத்தப்பட்டு, 56-ஆம் நகர்வில் டோபலோவ் தோல்வியை ஒப்புக்கொள்ள, ஆறரைக்கு ஐந்தரை என்று பட்டம் ஆனந்திடமே தங்கியது.

இங்கே ஆனந்தின் காத்திருப்பைக் கிடாயின் பின்வாங்கலோடு சேர்ப்பதா, நிலத்தின் தாங்கலோடு சேர்ப்பதா என்பதற்கு விடை, அவர் வென்ற விதத்தில் இல்லை, வெல்லாமல் போயிருந்தால் அவர் நிலை என்னவாக இருந்திருக்கும் என்பதில் இருக்கிறது. சதுரங்கத்தில் ‘பொறி’ என்று ஒன்று உண்டு. எதிரி தவறு செய்தால் மட்டுமே பலிக்கும், செய்யாவிட்டால் வைத்தவரின் நிலையே கெடும் வகையில் வைக்கப்படும் வலை அது. பொறி வைப்பவரும் காத்திருக்கிறார், ஆனால் அவர் காத்திருப்பது எதிரியின் வீழ்ச்சிக்காக. லாஸ்கர் தற்காப்பை ஆடுபவரோ எதிரி சரியாக ஆடினால் சமன் என்பதை முதல் நகர்விலேயே ஏற்றுக்கொண்டவர். எதிரி எல்லை மீறினால் மட்டுமே அவருக்குப் பதிலடியின் கடமை பிறக்கிறது. சமனை மனக்குறையின்றி ஏற்கக்கூடியவரின் காத்திருப்புக்கும் சமனைத் தாங்க முடியாதவரின் காத்திருப்புக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு மிக நுட்பமானது. வெற்றியிலும் தோல்வியிலும் ஒன்றாயிருத்தலே யோகம் என்று கீதை சொல்லும் சமநிலை போர்க்களத்தில் வைத்துச் சொல்லப்பட்டது என்பதையும், அது போரைத் தவிர்க்கச் சொல்லப்படவில்லை என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

மகாபாரதம் இக்கேள்வியை இதைவிடக் கடுமையாகவே கேட்டிருக்கிறது. வன பருவத்தில் திரௌபதி தருமனை நோக்கி, எப்போதும் சினப்பதும் நன்றன்று, எப்போதும் பொறுப்பதும் நன்றன்று என்று பிரகலாதன் தன் பேரன் பலிக்குச் சொன்ன அறிவுரையை எடுத்துக்காட்டி வாதிடுகிறாள். தருமனோ பொறுமையின் பக்கம் நிற்கிறான். அவையில் இழுத்து வரப்பட்டவளின் வாய்மொழி என்பதால் திரௌபதியின் வாதத்துக்கு ஒரு தனி எடை உண்டு, அதைத் தருமனின் விடை முழுமையாகச் சமன் செய்வதாகச் சொல்ல முடியாது. ஆயினும் பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு மறைவு வாழ்வும் முடிந்தபின் நடந்ததைப் பார்க்க வேண்டும். பாண்டவர் தரப்பு நாட்டைக் கேட்டது. இறுதியில் ஐந்து ஊர்கள் கிடைத்தாலே போதும் என்ற அளவுக்கு இறங்கியது. சதுரங்க மொழியில் அது சமனுக்கான அழைப்பு. ஊசிமுனை நிலமும் தர மறுத்தவன் துரியோதனன். அந்த அழைப்பு விடுக்கப்படாமல் போர் தொடங்கியிருந்தால், பதின்மூன்று ஆண்டுகளும் கிடாயின் பின்வாங்கல் என்றே கணக்காகியிருக்கும். அழைப்பு விடுக்கப்பட்டதால்தான் அதே ஆண்டுகள் பொறை என்ற பெயருக்கு உரிமை பெற்றன.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை தேவை. பரிமேலழகர் பொறையை விளக்கும்போது, ஒருவன் தமக்கு மிகை செய்தவிடத்துத் தாமும் அதை அவன்மேல் செய்யாதிருப்பது என்றே விளக்குகிறார். திருப்பிச் செய்யும் ஆற்றல் அங்கே உட்கிடையாக இருக்கிறது. ஆற்றலே இல்லாதவரிடம் பொறுமையைப் போதிப்பது இந்த அதிகாரத்தைத் திருகுவதாகும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் இவ்வட்டாரத்தில் இத்தகைய நாட்கள் பல. நாள்கூலிக்கு மருந்து அறையில் அமரும் பெண்ணிடம் நிலத்தைப் போலப் பொறுத்திரு என்று சொல்லும் உரிமை எந்த அறநூலுக்கும் இல்லை. சதுரங்கத்தில் கறுப்புக்குப் பதினாறு காய்களும் கொடுத்த பிறகுதான் தற்காப்பைப் பற்றிப் பேச்சு தொடங்குகிறது.

அந்த எச்சரிக்கையை மனத்தில் கொண்டே, பொறையின் எல்லைக்கோட்டில் நின்ற ஒருவரை இதே மாவட்டத்திலிருந்து நினைக்கலாம். ரமண மகரிஷி 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த திருச்சுழி இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. 1924 ஜூனில் ஒரு இரவு, திருவண்ணாமலையில் அப்போது கூரைக்குடிலாக இருந்த ஆசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தனர். வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லி வழிவிட்டு வெளியேறிய மகரிஷியின் தொடையில் கழி விழுந்தது; போதாதென்றால் மற்றொரு காலிலும் அடிக்கலாம் என்று அவர் சொன்னார். அடிபட்ட செய்தி அறிந்து இரும்புக் கம்பியைக் கையில் எடுத்த அடியவரையும் அவர் தடுத்துவிட்டார். பல் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லையா உடைக்கிறோம் என்பது அவர் காட்டிய காரணம். திருப்பி அடிக்க அன்று ஆள் இருந்தது, கருவி இருந்தது, நியாயமும் இருந்தது. கிடாய்க்கு வேண்டிய எல்லாமே இருந்த இடத்தில் நிலம் மட்டுமே நின்றது. ஆனந்தின் காத்திருப்பில் எதிரி எல்லை மீறியதும் பதிலடி பிறந்தது. இங்கே எல்லை மீறப்பட்ட பின்னும் அது பிறக்கவில்லை, ஏனெனில் அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே வாயில் உள்ள பல்லும் நாக்கும் என்று கண்டவருக்கு மறுதரப்பு என்று ஒன்று இல்லை. பலகையின் குறுக்கே எதிரி அமர்ந்திருக்கும்வரை சதுரங்கம் இந்த இடத்தை எட்டாது, அது எட்ட வேண்டும் என்று கேட்பதும் முறையன்று. விளையாட்டு கற்றுத்தரக்கூடியது, சமனை ஏற்கும் மனத்தோடு ஒடுங்கியிருப்பது வரைதான். அதுவே சிறிய கல்வி அன்று.

பயன் கருதாமை என்பதைப் பற்றி இவ்வளவு பேசிய பின், கல்கத்தா ஆட்டத்தின் முடிவையும் சொல்லியாக வேண்டும். 1855-இல் நடந்த அந்த ஆட்டத்தில் மகேசசந்திரரின் தொடக்கம் இன்றைய ஆய்வுக்கும் தாங்கும் அளவுக்குச் செம்மையாக இருந்தது. அவர் தோண்டிய அடிவாரம் சரியான அடிவாரம். ஆனால் நடுவாட்டத்தில் காக்ரேன் தம் குதிரையைக் கறுப்பு அரசனின் அருகே பாயவிட்டுக் காயைப் பலி கொடுத்து, சில நகர்வுகளில் ஆட்டத்தை முடித்துவிட்டார். தோற்றவரின் காய்வரிசை 67 ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவில் மறுபடி பலகைக்கு வந்தபோது அதற்கு வேறொருவர் பெயர் அமைந்தது. மகேசசந்திரருக்கும் காக்ரேனுக்கும் இடையே பதிவாகி எஞ்சிய ஆட்டங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன; அவற்றுள் பலவற்றில் கறுப்புக் காலாள் ஒரே ஒரு கட்டம்தான் முன்னே வைக்கிறது, அமைச்சர் பக்கவாட்டில் போய் நிற்கிறது, நடுப்பலகை வெள்ளைக்காகக் காலியாக விடப்பட்டிருக்கிறது.